வாயில்லாப் பூச்சி

ஜைன அறம் உயிர்களை அவை பெற்றுள்ள பொறிகளைக் கொண்டு ஓரறிவு முதல் ஐயறிவு வரை பகுத்துரைக்கிறது. ஈ, வண்டு, அந்துப்பூச்சி முதலியவை நாலறிவுயிர்கள். மெய், வாய், மூக்கு, கண் ஆகியவற்றை உடையவை. செவி இல்லாதவை என்பது மரபு. அவ்வகுப்பைச் சார்ந்த ஓர் உயிரின் வாழ்வை இங்குக் காண்போம்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், தென் கனடா முதல் புளோரிடா வரை பரவியுள்ள காடுகளில் லூனா என்னும் அந்துப்பூச்சி வாழ்கிறது. லத்தீன் மொழியில் லூனா என்பதற்கு நிலவு என்பது பொருள். வெளிர்பச்சைச் சிறகுகளை விரித்தால் சுமார் 10 செ.மீ. அகலம் இருக்கும். பின்சிறகுகள் நீண்ட வால்களாக முடியும்.

தாய்ப்பூச்சி பிர்ச், வால்நட், ஹிக்கரி முதலிய மரங்களின் இலைகளில் முட்டையிடும். 8 முதல் 13 நாட்களில் புழு வெளிவரும். அது இலைகளைத் தின்று, நான்கு முறை தோலுரித்து வளரும். பின்னர் இலையைப் போர்த்துக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். தெற்கே ஆண்டுக்கு மூன்று தலைமுறைகள் வரை தோன்றும்; வடக்கே ஒன்றுதான். அங்குப் பனிக்காலம் முழுவதும் கூடு தரையில் சருகுகளிடையே கிடக்கும்.

சிறகு பெற்றபின் இப்பூச்சி எதையும் உண்பதில்லை; அதன் வாய் செயலற்றது. புழுப்பருவத்தில் சேர்த்த ஆற்றலே அதன் ஒரு வார வாழ்வுக்குக் கட்டுச்சோறு. அந்தச் சில இரவுகளுக்குள் பெண்பூச்சி பரப்பும் மணத்தை ஆண்பூச்சி உணர்கொம்புகளால் அறிந்து தேடிவர வேண்டும்.

இதற்குச் செவியும் இல்லை; ஒலியெழுப்பி இரை தேடும் வௌவாலின் வரவை இது கேளாது. எனினும் பறக்கையில் சுழலும் வால்கள் அவ்வொலியை எதிரொலித்து, வௌவாலின் தாக்குதலை உடலினின்று விலக்குகின்றன என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாலை இழந்தும் பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

மனிதரின் கவனமின்மைக்கு இத்தகைய காப்பு அதனிடம் இல்லை. இரவெல்லாம் எரியும் வாயில்விளக்கைச் சுற்றியே அதன் சில இரவுகள் வீணாகின்றன. தூய்மை கருதிச் சருகை எரிப்பவர் அதனுள் உறங்கும் கூட்டையும் எரித்துவிடுகிறார். கொல்லும் எண்ணம் இருவருக்கும் இல்லை. ஆனால் பிரமாதம், அதாவது கவனமின்மை, காரணமாக உயிரைப் போக்குவதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது.

வேண்டாத விளக்கை அணைத்தலும், மரத்தடிச் சருகைக் கோடை பிறக்கும் வரை விட்டுவைத்தலும் எவர்க்கும் இயலும் செயல்கள். அமெரிக்காவில் வாழும் ஜைன இல்லறத்தார்க்கு அவை அணுவிரதத்தின் பகுதியே ஆகும்.