டிகோடருக்குள் இருந்த தாத்தா

"மின்னியல் பொறியியல் மூணாவது வருஷம் படிக்கிறே, வீட்டுல இருக்கிற ஏதாவது ஒரு சாமானைப் பத்தி எழுதேன்" என்று இதழ்ப் பொறுப்பாளர் அக்கா கேட்டார். குளிர்சாதனப் பெட்டி, வைஃபை என்று பலதும் யோசித்தேன். கடைசியில் எங்கள் வீட்டு ஹாலில் தொலைக்காட்சிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பதிவுப் பெட்டிதான் மனதில் நின்றது. நாம் டிகோடர் என்று சொல்கிறோமே, ஹார்ட் டிஸ்க் உள்ள அந்தக் கறுப்புப் பெட்டி. அதை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததால் எங்கள் குடும்பம் ஒன்றை இழந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இடி மின்னலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. "பிளக்கைப் பிடுங்குடா" என்று அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார். "இதோ" என்றேன். கையில் ஃபோன் இருந்தது, எழுந்திருக்கவில்லை. அடுத்த இடியில் ஹாலே ஒரு முறை வெளுத்தது. டிகோடரின் விளக்கு அணைந்தது, பிறகு எரியவே இல்லை.

மறுநாள் டெக்னிஷியன் அண்ணன் வந்தார். பார்த்ததும் "மெயின் போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினார். அரை மணி நேர வேலை. பழையதைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அம்மா, "தம்பி, அதுல எங்க அப்பா இருக்காரு" என்றார். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன்.

அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, உறுமி அடிப்பவர். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்து தைப்பூசம் தவறியதில்லை. ஒரு வருஷம் பத்துமலைக் காட்சிகளைத் தமிழ்ச் செய்தியில் காட்டும்போது கேமரா அவர் முகத்தில் நின்றது. 22 விநாடி. எண்ணிப் பார்த்துதான் சொல்கிறேன். அம்மா செய்திகளைத் தினமும் பதிவு செய்யப் போட்டிருந்ததால் அது பெட்டியில் விழுந்துவிட்டது. நான் அதை அழியாதபடி பூட்டு போட்டு வைத்தேன். தாத்தா இறந்த பிறகு, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அம்மா தனியாக உட்கார்ந்து அதைப் பார்ப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி நடந்துகொள்வோம்.

"ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் புதுப் பெட்டியில போட முடியாதா அண்ணே?" என்று கேட்டேன். "போட்டாலும் ஓடாது தம்பி. சாவி அந்தப் போர்டுலயே இருக்கு" என்றார். மின்னியல் படிக்கும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். சந்தா கட்டிப் பார்க்கும் சேனல்களின் பதிவுகளைப் பெட்டி அப்படியே எழுதி வைப்பதில்லை, மறைகுறியாக்கம் செய்து எழுதுகிறது. அதைத் திறக்கும் சாவி அதே பெட்டியின் சிப்புக்குள் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் சொருகினால் அர்த்தமில்லாத எண்களாகத்தான் தெரியும். நான் போட்ட 'பூட்டு' வேறு வகை. இடம் போதாதபோது பெட்டி தானாக அழிக்கக்கூடாது என்று சொல்லும் சின்னக் குறி, அவ்வளவுதான். மின்னலுக்கு அது தெரியாது. ஹார்ட் டிஸ்க் தேய்ந்தாலும், பெட்டி மாறினாலும் இதே கதிதான்.

நாம் இதை அலமாரி என்று நினைக்கிறோம். உண்மையில் இது வாளி. முதல் வீட்டுப் பதிவுப் பெட்டிகள் 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோதும் நோக்கம் இதேதான். நிகழ்ச்சியின் நேரத்தை நம் வசதிக்குத் தள்ளிப்போடுவது, பார்த்து முடித்ததும் அழிப்பது. அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. நம்மில் பலர் அந்த வேலையைக்கூட முழுசாக வாங்குவதில்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஏழரைக்குச் சாமி விளக்கு ஏற்றுவோம். ஏழரைக்கே அம்மாவின் நாடகமும் ஆரம்பிக்கும். கை சூடம் காட்டும், காது ஹாலில் இருக்கும். பதிவு போட்டிருந்தாலும் "நாளைக்குப் பார்த்தா என்ன ருசி?" என்பார். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை முதலிலிருந்து பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. பெட்டி ஒரே நேரத்தில் டிஸ்க்கின் ஒரு பக்கம் எழுதும், இன்னொரு பக்கம் படிக்கும். இப்போது நிதானமாகப் பூஜை முடித்து எட்டு மணிக்கு உட்காருகிறார். ஏழரை முதல் ஒன்பது வரை மூன்று நாடகம். ஒரு நாள் நேரம் பிடித்துப் பார்த்தேன். விளம்பரத்தை ஓட்டிவிட்டால் அரை மணி நாடகம் 21 நிமிடத்தில் முடிந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்தாலும் ஒன்பதரைக்கு முன்பே எல்லாம் பார்த்து முடித்துவிடுகிறார்.

தம்பிக்குப் பந்து. இங்கிலாந்தில் இரவு எட்டு மணிக்கு நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை மூன்றோ நான்கோ. எஸ்பிஎம் வருஷத்தில் அதற்காக விழித்திருந்தால் என்ன ஆகும்? பதிவு போட்டுவிட்டுத் தூங்கு என்றோம். முதல் தடவையே ஆட்டம் தாமதமாக முடிந்து, கடைசி நிமிட கோலுக்கு முன்னால் பதிவு வெட்டுப்பட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேரலை எதுவாக இருந்தாலும் முடிவு நேரத்தோடு அரை மணி கூட்டிப் போடுங்கள். பந்துக்கு மட்டுமில்லை, தைப்பூச நேரலைக்கும், விருது விழாவுக்கும் இதே கணக்கு. காலையில் பள்ளிக்கூட வாட்சப் குழுவைத் திறக்காமல் இருப்பதற்கு மட்டும் எந்த அமைப்பும் இல்லை, அது அவரவர் கட்டுப்பாடு.

நேரலையை நிறுத்தி வைக்கும் வசதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் பதிவு பட்டனை அழுத்தாவிட்டாலும், பார்த்துக்கொண்டிருக்கும் சேனலைப் பெட்டி ஒரு மூலையில் எழுதிக்கொண்டே இருக்கும், பழையதன் மேல் புதியதை எழுதும். அதனால்தான் பின்னோக்கி ஓட்ட முடிகிறது. சேனல் மாற்றினால் பெரும்பாலும் அந்த மூலை காலியாகிவிடும். பாதி நிகழ்ச்சியில் "அடடா, இதை வைத்துக்கொள்ளணுமே" என்று தோன்றினால் சேனலை மாற்றாமல் பதிவு பட்டனை அழுத்துங்கள். பல பெட்டிகள் அந்த மூலையில் இருப்பதையும் சேர்த்தே பதிவில் போட்டுவிடும்.

இடக் கணக்கு சுலபம். நல்ல தெளிவான எச்டி சேனலுக்கு விநாடிக்கு 6 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் 2.7 ஜிபி. 500 ஜிபி டிஸ்க் ஏறக்குறைய 185 மணி நேரம் தாங்கும். நிறைய என்று தோன்றும். அம்மாவின் மூன்று நாடகங்கள் வாரத்துக்கு ஏழரை மணி நேரம், அதாவது 20 ஜிபி. அழிக்காமல் விட்டால் அவை மட்டுமே ஆறு மாதத்துக்குள் டிஸ்க்கை நிரப்பிவிடும். நிரம்பியதும் பெட்டி பூட்டுப் போடாத பழையவற்றை அழிக்கும், அல்லது புதிய பதிவைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டில் எது உங்கள் பெட்டியின் குணம் என்று அமைப்புப் பகுதியில் பார்த்துவிடுங்கள். தொடர் பதிவில் மறுஒளிபரப்பு வேண்டாம் என்று குறித்தாலே பாதி குப்பை குறையும்.

இன்னொன்று வெப்பம். எங்கள் டிகோடர் மேல் ஒரு பின்னல் துணி, அதன் மேல் ஒரு குட்டிப் பிள்ளையார். துணி காற்றுத் துளைகளை முழுக்க மூடியிருந்தது. உள்ளே டிஸ்க் இரவும் பகலும் சுற்றுகிறது, நம் ஊர்ச் சூடு வேறு. பிள்ளையாரை நகர்த்தச் சொன்னதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது அவர் பக்கத்து அலமாரியில், இன்னும் நல்ல இடத்தில் இருக்கிறார். மழை வந்தால் மின்சார பிளக்கோடு சேர்த்து வட்டத் தட்டிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் அதிர்வு உள்ளே வரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள், மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.

சரி, காலத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டியதை என்ன செய்வது? சந்தா பெட்டியின் மறைகுறியை உடைக்கும் வேலை வேண்டாம், அது சட்டப்படி தவறு. ஆனால் ஒளிபரப்பை வீட்டுப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்வதற்கு நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவதோ, பிரதி போட்டு விற்பதோ அதில் சேராது.

இதற்கு நேர்வழி இலவச ஒளிபரப்பு. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு தீபகற்பம், சபா, சரவாக் எங்கும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது இலவச சேனல்கள் எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில், சாதாரண யுஎச்எஃப் ஆண்டெனாவிலேயே வருகின்றன. தமிழ்ச் செய்தி வரும் டிவி2-வும் அதில் உண்டு. இதற்கான சின்னப் பெட்டிகள் பலவற்றில் யுஎஸ்பி துளை இருக்கும். பென்டிரைவ் சொருகினால் அதுவே பதிவுப் பெட்டி.

வேகமான பென்டிரைவ் தேவையில்லை. விநாடிக்கு 6 மெகாபிட் என்பது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. ஆனால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எச்டியில் அது ஒன்றரை மணி நேரம்தான். பெட்டி கோப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கும், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், துளையிலிருந்து மின்சாரம் போதவில்லை என்று பொருள். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சில பெட்டிகள் பென்டிரைவில் எழுதினாலும் தங்களுக்கு மட்டுமே புரிகிற மாதிரி எழுதும். அதனால் இன்றைக்கே ஒரே ஒரு நிமிடம் பதிவு செய்து, பென்டிரைவை மடிக்கணினியில் சொருகி, விஎல்சியில் ஓடுகிறதா என்று பாருங்கள். நான் உங்களுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது ஒன்றுதான். ஓடினால் உங்கள் பதிவு உங்களுடையது. ஓடாவிட்டால் அந்தப் பெட்டியை நம்பி எதையும் சேர்க்காதீர்கள்.

ஓடும் கோப்பு பெரும்பாலும் டிஎஸ் வகையாக இருக்கும். வானொலி அலையில் பாதி வழியில் தொலைந்தாலும் சமாளிப்பதற்காக 188 பைட் சின்னப் பொட்டலங்களாக அமைத்த முறை அது. பதிவு நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எழுதியது ஓடும். அதிலிருந்து வேண்டிய சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுக்க 'லாஸ்லெஸ்கட்' என்ற இலவச மென்பொருள் போதும். படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டுவதால் தரம் குறையாது, வேலையும் உடனே முடியும். வெட்டு முழுப் படச் சட்டத்தில்தான் சுத்தமாக விழும், அதனால் முன்னும் பின்னும் ஓரிரு விநாடி தாராளமாக விடுங்கள். பிறகு அந்தச் சின்னக் கோப்பை மடிக்கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் ஒன்று என்று வையுங்கள்.

இதெல்லாம் எனக்குத் தாத்தா போன பிறகு வந்த ஞானம். செய்தி வந்த வருஷம் எங்களிடம் இலவசப் பெட்டி இருந்திருந்தால், அல்லது அன்று நான் எழுந்து போய்க் கேபிளைக் கழற்றியிருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கோலசிலாங்கூரிலிருந்து பெரியம்மா வந்தார். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னோம். "நான் அன்னைக்கே ஃபோன்ல எடுத்தேனே?" என்றார். செய்தி வந்த அதே வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, பதிவை மறுபடி போடச் சொல்லி, தொலைக்காட்சித் திரையையே கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார். பழைய ஃபோனைத் தேடி, அதற்குச் சார்ஜர் தேடி, கடைசியில் கிடைத்தது. 38 எம்பி கோப்பு. திரையில் கோடு கோடாக ஓடுகிறது, நடுவில் சீலிங் ஃபேன் நிழல் சுற்றுகிறது, பாதியில் யாரோ குறுக்கே போகிறார்கள், நானாகத்தான் இருக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் படு மோசமான பிரதி.

ஆனால் அன்றைக்குத் தாத்தா அதே ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். உறுமிச் சத்தத்துக்கு நடுவே பெரியம்மா, "அப்பா, நீங்கதாம்பா, பாருங்க பாருங்க" என்று கத்துகிறார். பக்கத்திலிருந்து தாத்தாவின் குரல் சிரித்துக்கொண்டே சொல்கிறது: "போதும்மா, அணைங்க, சாப்பிடுவோம்." டிகோடரில் இருந்த பதிவில் அந்தக் குரல் இல்லை.

இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது.