கண்ணாடித் தட்டின் அளவு

கேள்வி: பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த கண்ணாடி நெகட்டிவுகள் ஆறரைக்கு நாலேமுக்கால் அங்குலம் இருக்கின்றன. ஏன் இந்த விசித்திர அளவு?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தங்களிடம் இருப்பவை ‘ஹாஃப் பிளேட்’ எனப்படும் அரைத் தட்டுகள். 1839-இல் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை பிரசித்தமானபோது, வெள்ளி பூசிய அவருடைய செப்புத் தகட்டுக்கு இருந்த எட்டரைக்கு ஆறரை அங்குலமே முழுத் தட்டென நிலைபெற்று, பின்வந்த கண்ணாடிக்கும் பிரமாணமாயிற்று. அதை நான்காக வகுத்தால் கால் தட்டு, 4¼-க்கு 3¼, பிசகின்றி அமையும்; அரைத் தட்டோ, 6½-க்கு 4¼ என்றிருக்க வேண்டியது, பிரிட்டிஷ் வழக்கில் அரை அங்குலம் மிகுந்து நின்றது. நம் நாட்டிலும் அவ்வழக்கே புழங்கிற்று.

படத்தைப் பெரிதாக்குவது அரிதாயிருந்த அக்காலத்தில், நெகட்டிவைத் தாளோடு சேர்த்துவைத்தே அச்செடுத்தார்களாதலால், கண்ணாடி எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே அளவு என்பது வாடிக்கையாளரின் செலவையும் அந்தஸ்தையும் நிர்ணயித்த விஷயம். பிற்பாடு வந்த தாள் பிலிமையும் மெல்லிய உலோக உறையிலிட்டு அதே பழைய காமிராக்களில் செலுத்தினார்கள். இருட்டில் விரலால் தடவி அந்தப் பிலிமை அறிவதற்காக அதன் ஓரத்தில் சிறு வெட்டுகள் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: துறைமுகத்தையடுத்த தங்கள் பகுதியின் ஈரக்காற்றில் கண்ணாடிமேல் பூசிய ஜெலட்டின் பூஞ்சணம் பிடிக்குமாதலால், நெகட்டிவுகளைத் தண்ணீரில் கழுவாமல், விளிம்பை மட்டும் பிடித்தெடுத்து, தனித்தனியே காகிதத்தில் பொதிந்து, படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் திரட்டிப் பதிவுசெய்துள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள்.