பழைய புல்லட்டும் தொப்பூர் இறக்கமும்

கேள்வி: பெங்களூரில் பழைய புல்லட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி, மதுரைக்கு ஓட்டியே வந்துவிடலாமா?

பதில்: பேஷாக வரலாம். ஆனால் வண்டியைக் கண்ட மாத்திரத்தில் மோகங்கொள்ளாமல், முதலில் எஞ்சினருகே கையை வைத்துப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே அது சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் அதன் சுபாவத்தை மறைக்க விற்பவர் பிரயாசைப்பட்டிருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமுண்டு. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யும் நடப்பு இன்ஷூரன்ஸும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பிரயாணம் 400 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி வரை சுகந்தான். தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் மட்டும், பெட்ரோல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் உருண்டுபோகும் சபலத்துக்கு இடங்கொடாமல், கியரிலேயே இறங்குங்கள். சூடேறிய பழைய டிரம் பிரேக் சமயத்தில் பிடிக்காது. சேலத்தில் செயின் தொய்ந்திருந்தால் இறுக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.