சன்னலோர இருக்கையும் திசையறிவும்

விமானப் பயணம் என்றதும் பலரும் சன்னலோர இருக்கையையே விரும்புவர். ஆனால், சன்னலோரத்தில் அமர்ந்தும் விமானத்தின் இறக்கையை மட்டுமே பார்த்துவிட்டு இறங்குவோர் உண்டு. அதே நேரத்தில், மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் மலைச்சிகரத்தைக் கண்டு வியந்துகொண்டிருப்பர். இதற்கு அதிர்ஷ்டம் மட்டுமே காரணமன்று. நல்ல காட்சியைக் காணத் திசையறிவும் முன்னேற்பாடும் தேவை.

முதலில் பார்க்க வேண்டியது வரைபடம். சபா மாநிலத்தின் சண்டாக்கானிலிருந்து கோத்தா கினபாலுவுக்குச் செல்லும் விமானம் மேற்கு நோக்கிப் பறக்கிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை, இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நேர்க்கோட்டுக்கு வடக்கே உள்ளது. மேற்கு நோக்கிச் செல்பவருக்கு வடக்குத் திசை வலக்கைப் பக்கம் அமையும். எனவே, வலப்பக்க இருக்கையே ஏற்றது. திரும்பும் பயணத்தில் இது தலைகீழாக மாறும். அப்போது இடப்பக்கத்தில் அமர வேண்டும். போகும்போது மலையைக் காட்டிய அதே இருக்கை, வரும்போது அதைக் காட்டாது.

அடுத்தது, இருக்கையின் வரிசை. இறக்கைக்கு நேராக அமர்ந்தால் கீழேயுள்ள காட்சி மறைந்துவிடும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்தாலோ, இயந்திரத்திலிருந்து வெளிவரும் சூடான காற்றினால் காட்சி கலங்கித் தெரியலாம். ஆகவே, இறக்கைக்கு முன்புறமோ வால்பகுதிக்கு அருகிலோ அமர்வது நல்லது. சில விமானங்களில், குறிப்பிட்ட வரிசைகளில் சன்னலுக்குப் பதிலாகச் சுவர் மட்டுமே இருக்கும். எனவே, பணம் செலுத்துவதற்கு முன் இருக்கை வரைபடத்தைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, சூரியன். கோலாலம்பூரிலிருந்து நேப்பாளத்தின் காட்மாண்டுவுக்குச் செல்லும் விமானம் வடமேற்குத் திசையில் பறக்கிறது. காட்மாண்டுவை நெருங்கும்போது இமயமலைத் தொடர் வலப்பக்கத்தில் தென்படும். 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரமும் அங்குதான் உள்ளது. ஆனால், காலை வேளையில் கிழக்கு வெயிலும் அதே பக்கத்தில் விழுந்து கண்களைக் கூச வைக்கும். பிற்பகலில் சூரியன் மேற்கே சாய்ந்துவிடுவதால் அத்தொல்லை குறையும். ஆகவே, பயணி பக்கத்தை மட்டுமன்றிப் புறப்படும் நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு திட்டமிட்டாலும் காட்சி உறுதி என்று கூற இயலாது. மேகம் மலையை மூடிவிடலாம். விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்கொண்டே தரையிறங்குவதால், காற்றின் திசை மாறினால் விமானம் நெருங்கி வரும் பக்கமும் மாறலாம். இயற்கையை மாற்றும் ஆற்றல் பயணிக்கு இல்லை. ஆனால், பொருத்தமான இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவரிடம் உள்ளது. புவியியல் பாடத்தில் கற்ற நான்கு திசைகளே அதற்குப் போதுமானவை.