கணனி போனால் வாங்கலாம், கணக்குப் போனால்?

வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கணனி இன்றிரவு நின்றுவிட்டால், யார் யார் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை நாளைக் காலையில் உங்களால் சொல்ல முடியுமா? 2022 ஏப்ரலுக்கு முன்னர் இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால், "அதெல்லாம் கணனியில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலில் இருந்த பிழைக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களாவது அதைக் கொடுக்காமல் தப்பிக்கொள்ளட்டும்.

கண்டி மாவட்டத்தில் எனக்கு ஒரு சிறிய புடவைக் கடை இருக்கிறது. வாப்பா காலத்தில் கடன் கணக்குகள் தடித்த புத்தகத்தில் எழுதப்பட்டன. 2019இல் நான் அவற்றை வீட்டுக் கணனிக்கு மாற்றினேன். பகலில் பில் புத்தகம், இரவில் கணனி. யார் எவ்வளவு கடனுக்கு எடுத்தார், எவ்வளவு கட்டினார், எந்தத் திகதிக்கு எந்தக் காசோலை என்று எல்லாம் அதிலேயே இருந்தன. பிள்ளைகளும் அதே கணனியில்தான் படித்தார்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரலில் நோன்பு மாதம். பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஓர் இரவு கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மின்குமிழ்கள் ஒருமுறை பளீரென்று எரிந்து மங்கின. அதன் பிறகு கணனியின் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் சத்தமே இல்லை.

மறுநாள் ஊரில் கணனி திருத்தும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். "நானா, மதர்போட் போயிட்டுது" என்றார். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போன காலம் அது. உதிரிப்பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. பாவித்த மதர்போட் ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார். "எப்படியாவது இரண்டு நாளில் தாங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். கணனிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் தந்தார். கணனி முன்னரை விட வேகமாக வேலை செய்தது. திரை மிகச் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

"வின்டோஸ் புதுசா போட்டிருக்கேன் நானா."

"என்ட கணக்கெல்லாம்?"

"நீங்க ஒண்டும் சொல்லலியே நானா."

உண்மைதான், நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த தவறு அதைவிடப் பெரியது. பெருநாள் அவசரத்தில் அதே கணனியை இரண்டு வாரம் தொடர்ந்து பாவித்தேன். பின்னர் அழிந்ததை மீட்டெடுப்பவரிடம் கொண்டுபோனபோது, பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதியவை எழுதப்பட்டுவிட்டதால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றார். அவர் மீட்டுத் தந்தவற்றில் கடன் கணக்கு இருக்கவில்லை.

இன்னொரு வேதனை. பழைய மதர்போட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வேறொருவர் அதை நல்ல பவர் சப்ளை ஒன்றுடன் இணைத்துப் பார்த்தபோது அது வேலை செய்தது. பழுதானது பவர் சப்ளை பெட்டி மட்டும்தான்.

எனக்கு வரவேண்டிய கடன் ஏறத்தாழ 11 இலட்சம் ரூபா. பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகள், வங்கிக் கூற்றுகள், காசோலைப் புத்தகத்தின் அடித்துண்டுகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இரவிரவாகக் கணக்கைத் திரும்ப எழுதினேன். யார் எடுத்தார்கள் என்பது பில்லில் இருந்தது. யார் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள் என்பது கணனியில் மட்டுமே இருந்தது.

தையல் தொழில் செய்யும் வயதான தாய் ஒருவர் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். என் கணக்கில் 12,000 ரூபா. அவருடைய கொப்பியில் 18,400 ரூபா. "மகன், கூடினதை எழுதுங்க, எனக்கு நாளைக்குப் பதில் சொல்ல ஏலாது" என்றார். அதே வாரத்தில் இன்னொரு வாடிக்கையாளரிடம், அவர் ஏற்கனவே கட்டி முடித்திருந்த பணத்தை நான் திரும்பக் கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லை" என்றார். ஆனால் அதன்பின் அவர் என் கடைக்கு வரவில்லை. நிரூபிக்க முடியாமல் நான் விட்டுவிட்ட கடன் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா. அந்தப் பணத்தைவிட அந்த மனிதரின் முகம்தான் எனக்கு இன்றும் பெரிய நட்டம்.

இந்த அனுபவத்துக்குப் பின் நான் கற்றுக்கொண்டவற்றை ஒழுங்காகத் தருகிறேன்.

1. பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்

பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லையா? சுவர்ப் பிளக், வயர், யூ.பி.எஸ்., பெட்டியின் பின்புறச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியென்றால் அடுத்த சந்தேகம் பவர் சப்ளை மீது விழ வேண்டும். மின்சாரம் கூடிக் குறையும்போது முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான். நல்லதொன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னரும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் ரெம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மின்னிணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டு, அதைக் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பல கணனிகள் எழும்பிவிடும்.

திகதியும் நேரமும் ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போகிறதா? மதர்போட்டில் இருக்கும் நாணயம் போன்ற சீ.ஆர்.2032 பற்றரி முடிந்துவிட்டது. சிறிய காசுக்கு வாங்கலாம். இதை அலட்சியம் செய்தால் உங்கள் பில்களில் பிழையான திகதி விழும்.

சிறிது நேரம் வேலை செய்து தானாகவே நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். என்னைப் போன்ற புடவை வியாபாரிகளுக்கு இது சொந்த வியாதி. துணிப் பஞ்சு விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் அடைத்துவிடும்.

வன்தட்டில் இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், அல்லது ஒரு கோப்பைத் திறக்க வழமைக்கு மாறாக நேரம் எடுத்தால், வேறெதையும் செய்யாமல் முக்கியமான கணக்குகளைப் பிரதி எடுங்கள். எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கவும் கூடாது. 2007இல் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, பழுதானவற்றில் 36 வீதத்துக்கும் மேற்பட்டவை, தட்டு தன்னைத்தானே கண்காணிக்கும் பதிவுகளில் எந்த அடையாளமும் காட்டாமலே பழுதாகியிருந்தன.

2. திருத்துவதா, மாற்றுவதா?

பவர் சப்ளை, பற்றரி, விசிறி, ரெம், வன்தட்டு ஆகியன பழுதானால் பெரும்பாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுவது இலாபம். மதர்போட் பழுதானால் கணக்கு வேறு. டி.டி.ஆர்.3 ரெம் புதிய டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மதர்போட்டுகளில் பொருந்தாது. ஆகவே பழைய கணனிக்குப் புதிய மதர்போட் என்றால் புரொசசரும் ரெம்மும் சேர்த்தே வாங்க வேண்டிவரும். அப்படியானால் வேறு கணனி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

பாவித்த கணனி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இன்டெல் புரொசசர் என்றால் வின்டோஸ் 11க்கு பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். "ஐ5 கணனி, மலிவு" என்று சொன்னால், எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள்.

3. திருத்தக் கொடுக்குமுன்

முடிந்தால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். தெரிந்த ஒருவருக்கு அது சில நிமிட வேலை. கழற்ற முடியாவிட்டால், "உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது" என்று வேலைத் துண்டில் எழுதி, அதில் ஒரு பிரதி வாங்குங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தவறி ஏதாவது அழிந்துவிட்டால் அந்த நிமிடமே கணனியை நிறுத்துங்கள். இப்போது பரவலாகியுள்ள எஸ்.எஸ்.டி. வகையில் அழிந்ததை மீட்பது பழைய வன்தட்டை விடவும் கடினம்.

4. வாங்கும்போது

பற்றுச்சீட்டில் பாகத்தின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். மின்னலாலோ மின்னழுத்தத்தாலோ ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் உண்டா என்று முன்னரே கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. உத்தரவாதம் பாகத்துக்கு மட்டுமே, உள்ளே இருந்த கணக்குக்கு அல்ல. விற்றவர் வாக்கு மாறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும்.

யூ.பி.எஸ். ஒன்றும் அவசியம். வீட்டுக்கு வாங்கும் சிறியது சில நிமிடங்களே தாங்கும். அது வேலையைத் தொடர்வதற்கல்ல, கணக்கைச் சேமித்துக் கணனியை ஒழுங்காக மூடுவதற்கு. லேசர் பிரின்டரை அதில் பொருத்த வேண்டாம். அதன் பற்றரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். இடைக்கிடை பிளக்கைக் கழற்றி அது தாங்குகிறதா என்று சோதியுங்கள்.

5. கணக்குக்கு மூன்று பிரதிகள்

இதுதான் இக்கட்டுரையின் சாரம். ஒன்று கணனியில். இரண்டாவது வெளி வன்தட்டில் அல்லது பென் டிரைவில். மூன்றாவது வீட்டுக்கு வெளியே, அதாவது கடையின் பெட்டகத்தில் அல்லது இணையச் சேமிப்பில். இரண்டாவது பிரதியைக் கணனியிலேயே செருகி வைத்திருந்தால், கணனியைத் தாக்கும் மின்னழுத்தமோ வைரஸோ அதையும் தாக்கலாம். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக் கட்டு மாதிரி.

நான் இப்போது ஒவ்வொரு வியாழன் இரவும் பிரதி எடுக்கிறேன். பத்து நிமிடம் போதும். மாத முடிவில் கடன் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, வாப்பாவின் பழைய புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறேன். கடன் வாங்கியவருக்கும் மீதியைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தையல்காரத் தாய் தன் கொப்பியைப் பேணியதுபோல, கணக்கு இரு பக்கமும் இருக்க வேண்டும்.

கணனி ஒரு நாள் பழுதாகும். அதை நாம் தடுக்க முடியாது. அந்த நாளில் பறிபோவது ஒரு பெட்டியா, அல்லது பல வருட நம்பிக்கையா என்பதை இன்றிரவு நீங்கள் ஒதுக்கும் பத்து நிமிடங்கள் தீர்மானிக்கும்.