கார் விளக்குகள்: எப்போது எதைப் போடுவது?

திருமணம், பெருநாள் விடுமுறை, ஜனாஸா என்று குடும்பத்தோடு இரவில் காரில் புறப்படுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. டயரில் காற்றைப் பார்க்கிறோம், எரிபொருள் நிரப்புகிறோம். விளக்கை மட்டும் 'எரிந்தால் போதும்' என்று விட்டுவிடுகிறோம்.

விளக்கு நாம் பாதையைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல. மற்றவர் நம்மைப் பார்க்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணும் கூசக்கூடாது. 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் ஹெட்லைட் பகலிலும் தானே எரிவது, மற்றவர் கண்ணில் படுவதற்காகத்தான்.

டிம், பிரைட்

தெருவிளக்கு உள்ள ஊருக்குள் டிம் போதும். இருண்ட நெடுஞ்சாலையில், எதிரேயும் முன்னாலும் வண்டி இல்லாதபோது பிரைட் போடுங்கள். டிம் வெளிச்சத்தில் ஏறத்தாழ 50 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்குள் அந்த 50 மீட்டரைத் தாண்டிவிடும். எனவே டிம்முக்கு மாறினால் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

எதிரே வண்டி தெரிந்ததும் டிம் செய்யுங்கள். இன்னொரு வண்டியின் பின்னால் போகும்போதும் டிம்தான். கூசிய கண் தெளியச் சில நொடிகள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் அதிகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி என்றால் 50 மீட்டர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியது போல. அந்த 50 மீட்டருக்குள் பஜ்ருக்கு நடந்துவரும் பெரியவர் இருக்கலாம். பால் கேனோடு சைக்கிளில் போகிறவர் இருக்கலாம்.

எதிரே வருபவர் டிம் செய்யாவிட்டால் பதிலுக்கு நாமும் பிரைட் போடக்கூடாது. இருவருக்கும் கண் தெரியாது; நடுவில் சாலையைக் கடப்பவர் யார் கண்ணிலும் படமாட்டார். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

ஆளும் சுமையும் ஏறினால்

பின் இருக்கை நிறைய ஆட்களும் டிக்கி நிறையப் பைகளும் ஏறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். அப்போது டிம் வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதைச் சரிசெய்ய, பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு உண்டு. எண் கூடக் கூட வெளிச்சம் தாழும்.

மழை, பனிமூட்டம்

பகலானாலும் கனமழையில் ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள். பகலில் தானே எரியும் சிறு முன்விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல கார்களில் அதனோடு பின்விளக்கு எரியாது. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைப் பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். அங்கே டிம்மும், பம்பரில் தாழ்வாக உள்ள பனிமூட்ட விளக்கும்தான் உதவும். மூட்டம் விலகியதும் பனிமூட்ட விளக்கை அணைத்துவிடுங்கள்.

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து

இது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு. மழையில் ஓடிக்கொண்டே போட்டால், நாம் நிற்கிறோமா போகிறோமா என்று பின்னால் வருபவர் குழம்புவார். நாற்சந்தியில் நேராகப் போவதற்கும் பலர் இதைப் போடுகிறார்கள். இடப்பக்கம் நிற்பவருக்கு இடது விளக்கு மட்டுமே தெரியும். நாம் இடப்பக்கம் திரும்புகிறோம் என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் தேவையில்லை.

புறப்படும் முன்

ஹெட்லைட் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் ஒருவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் எரிகின்றனவா என்று கேளுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். கார் ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு, கியர் போடச் சொல்லித்தரும் நாளிலேயே இதையும் சொல்லிக்கொடுங்கள்.