பண்ணை நிலத்தின் நூறாண்டுக் கணக்கும் கொல்லிமலைச் சாமைக் காடும்

எடப்புளி நாடு உட்படக் கொல்லிமலை நாடுகளில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகள் பல இன்று மரவள்ளிக் காடுகளாக மாறியுள்ளன. மரவள்ளி கைக்குப் பணம் தரும் பயிர். ஆனால் ஒரே காட்டில் ஆண்டுதோறும் மரவள்ளியே நடும்போது, "கிழங்கு சிறுத்து வருகிறதே, மழை குறைந்ததாலா, மண் சோர்ந்ததாலா?" என்ற கேள்வி எழுகிறது. இதற்கு ஓராண்டு அனுபவத்தை வைத்து விடை சொல்ல இயலாது. ஒரே நிலத்தைப் பல ஆண்டுகள் அளந்து எழுதிவந்த கணக்கு வேண்டும். அத்தகைய கணக்கு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உள்ளது.

பண்ணை வந்த வழி

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கிருந்த நிலம் சத்துக் குறைந்த மணற்பாங்கானது. அதில் கண்ட முடிவை மாநிலம் முழுவதற்கும் பொருத்திச் சொல்ல முடியவில்லை. 1906-இல் பள்ளி கோவைக்கு மாற்றப்பட்டது. அங்கு செம்மண், கரிசல், நன்செய், தோட்டக்கால் ஆகியவை அருகருகே கிடைத்தன. இந்நிறுவனமே 1971 ஜூன் முதல் நாள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஓரிடத்து முடிவை வேறு மண்ணில் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்பது இந்த இடமாற்றம் தரும் முதல் பாடம்.

மாறாத பாத்திகள்

1909-இல் கோவைப் பண்ணையில் நிரந்தர உரச் சோதனை தொடங்கியது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனையே இதற்கு முன்மாதிரி. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்கு எந்த உரமும் இடுவதில்லை. மற்றொன்றுக்குத் தழைச்சத்து மட்டும். வேறு சிலவற்றுக்கு மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும். இன்னொன்றுக்குத் தொழு உரம். எந்தப் பாத்திக்கு எது என்று முதலில் முடிவாயிற்றோ, அதுவே ஆண்டுதோறும் இடப்படுகிறது. 1972-இல் கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடும் மற்றொரு நீண்டகாலச் சோதனையும் இங்கே தொடங்கப்பட்டது.

இவற்றில் தெரியவந்தவை மூன்று. முதலாவது, உரமே காணாத பாத்தியில் விளைச்சல் மிகவும் இறங்கியது. இரண்டாவது, தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்தியும் வெகுவாகப் பின்தங்கியது. யூரியா மட்டும் இட்டால் பயிர் முதலில் கறுத்துச் செழிப்பாகத் தெரியும். ஆனால் மண்ணிலுள்ள மற்ற சத்துகள் போதாமல் போகும்போது அந்தச் செழிப்பு மணியாக மாறுவதில்லை. மூன்றாவது, சமச்சீர் உரத்துடன் தொழு உரமும் பெற்ற பாத்தி நெடுங்காலம் தளராமல் விளைந்தது. அதன் மண்ணில் மக்குச்சத்தும் கூடியது.

களத்திலும் கிடங்கிலும் நடப்பது

இந்த முடிவுகள் வயலில் மட்டும் உருவாவதில்லை. களத்திலும் கிடங்கிலும் உருவாகின்றன. ஓரச் செடிகளுக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல். ஆகவே அவற்றை முதலில் அறுத்து ஒதுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு பாத்தியின் கதிரையும் தனியே கட்டி, தனியே அடித்து, ஒரே பதமாகக் காயவைத்து, தனியே எடை போட்டுச் சீட்டுக் கட்டி வைப்பார்கள். இரண்டு பாத்திக் கதிர்கள் களத்தில் கலந்துவிட்டால் அந்த ஆண்டின் உழைப்பு வீண். ராத்தம்ஸ்டெட்டில் 1843 முதலான தானியத்தையும், அதையொட்டிய காலத்து மண்ணையும் கிடங்கில் காத்து வருகிறார்கள். அன்று எவரும் நினைத்திராத கேள்விகளுக்கு அவற்றிலிருந்து இன்று விடை கிடைக்கிறது.

விதைக்கும் இதுவே வழி. கோணமணி நெல்லில் வேறுபட்டு நின்ற செடியைத் தனியே பிரித்துப் பெருக்கியதால் வந்ததே 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 ரகம். அந்தச் செடியை மற்றவற்றோடு சேர்த்து அடித்திருந்தால் ரகமே இல்லை. கொல்லிமலையின் வெள்ளைப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை போன்றவற்றையும் தனித்தனியே அடித்து, பெயர்ச் சீட்டுடன் தொம்பையிலோ பானையிலோ வைத்தால்தான் அவை கலப்பின்றி நிலைக்கும்.

மலைக்காட்டுக்குப் பொருந்துமா?

கோவை முடிவை அப்படியே மலைக்கு எடுத்து வருதல் கூடாது. கோவை மண் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துள்ள மண். மழை மிகுந்த மலைச் செம்மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை உடையது. மணிச்சத்து அங்கே சுண்ணாம்பிலும் இங்கே இரும்பு, அலுமினியத்திலும் சிக்கிக்கொள்ளும். மேலும் மரவள்ளி சாம்பல் சத்தை மிகுதியாக எடுக்கும் பயிர். நட்ட முதல் சில மாதங்கள் தரையை மூடாது. கிழங்கு பறிக்கும்போது மண்ணும் கிளறப்படும். சரிவில் பெய்யும் மழை அந்த மேல்மண்ணை அடித்துச் செல்லும். ஆகவே உங்கள் காட்டுக்கு உங்கள் கணக்கே வேண்டும். அதற்குப் பெரிய பண்ணை தேவையில்லை. மூன்று சென்ட் போதும்.

மூன்று சென்ட் சோதனை

1. சாமை விதைக்கும் காட்டில் ஒரு சென்ட் அளவில் மூன்று பாத்திகள் பிரிக்கவும். அவை சரிவில் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் அமைய வேண்டும். மேலும் கீழுமாக அமைத்தால் மேல் பாத்தியின் சத்து மழைநீரோடு கீழ்ப் பாத்திக்கு வந்துவிடும். நான்கு மூலையிலும் கல் நடவும்.

2. முதல் பாத்திக்கு எதுவும் இட வேண்டாம். இரண்டாவதற்கு நன்கு மக்கிய தொழு உரம் 50 கிலோ இடவும். இது ஏக்கருக்கு 5 டன் என்ற கணக்காகும். மூன்றாவதற்கு அதே 50 கிலோவுடன், மண் பரிசோதனை அட்டையில் சாமைக்குக் கூறிய உரத்தையும் இடவும்.

3. மூன்றிலும் ஒரே விதையை ஒரே நாளில் வரிசையாக விதைக்கவும். பாத்திக்கு 40 கிராம் போதும். களையும் ஒரே நாளில் எடுக்கவும்.

4. மூன்றையும் தனித்தனியே அறுத்து, அடித்து, காயவைத்து நிறுக்கவும். கிடைத்த கிலோவை நூறால் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் தெரியும்.

5. விதைத்த நாள், மழை பெய்த நாட்கள், உரச் செலவு, எடை ஆகியவற்றை நோட்டில் எழுதவும். மறு ஆண்டும் அதே பாத்திக்கு அதே உரத்தையே இடவும்.

பலரும் தயங்குவது எதுவும் இடாத பாத்திக்குத்தான். ஒரு சென்ட் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். மழை நன்றாக இருந்தும் அந்தப் பாத்தி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் குறை மண்ணில் உள்ளது. மூன்றும் ஒன்றாக இறங்கினால் அந்த ஆண்டின் மழையையும், பூச்சி நோயையும் பார்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் பாத்திகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் விலையை உரச் செலவோடு ஒப்பிட்டால், கடையில் வாங்கும் உரம் உங்களுக்குக் கட்டுமா என்பதும் தெரியும்.

மரவள்ளிக் காட்டிலும் இதே முறையில் பாத்தி பிரித்து, கிழங்கைத் தனித்தனியே நிறுக்கலாம். ஓராண்டுக் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். குறைந்தது மூன்று ஆண்டுகள் எழுதி வந்தால், எந்தக் காட்டில் மரவள்ளியைத் தொடரலாம், எந்தக் காட்டைச் சாமைக்குத் திருப்பலாம் என்பதை உழவரே முடிவு செய்யலாம். வரும் விதைப்பு மழைக்கு முன்பே மூலைக் கற்களை நட்டு, தொழு உரத்தை நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள்.